"பாக்காம விட்டுடு"னு சொல்றது வைத்தியம் இல்லைங்க

போன மாசம் ஒரு கல்லூரி மாணவியை அவங்க அப்பா கூட்டிட்டு வந்தார். படபடப்பு, ரெண்டு வாரமா தூக்கம் இல்லை. ஈசிஜி, தைராய்டு எல்லாம் நார்மல்.

அப்பாவை வெளியே உட்கார வெச்சுட்டுக் கேட்டேன். அந்தப் பொண்ணு போனை நீட்டுச்சு. தான் ஆடின ஒரு வீடியோவைப் போட்டிருக்கு. கீழே நூத்துக்கணக்கில் கமெண்ட். நிறம், உடம்பு, அம்மா வளர்ப்புனு எதையும் விட்டு வைக்கலை. நாலஞ்சுக்கு மேல என்னால படிக்க முடியலை.

அவ சம்மதத்தோட அப்பாகிட்ட சொன்னேன். "இதெல்லாம் பாக்காம விட்டுடும்மா"ன்னார். பாசத்துலதான் சொன்னார். நானும் பல வருஷம் இதையேதான் சொல்லிட்டிருந்தேன்.

ஆனா யோசிச்சுப் பாருங்க. அவ பாக்கலைன்னாலும் அவ வகுப்பே பாக்குது.

2003-ல் 'சயின்ஸ்' இதழ்ல ஒரு ஆய்வு வந்துச்சு. கம்ப்யூட்டர் விளையாட்டுல ஒருத்தருக்குப் பந்தே போடாம ஒதுக்கினாங்க. உடல் வலியின் வேதனையோட தொடர்புள்ள மூளைப் பகுதி அப்போ தூண்டப்பட்டது ஸ்கேன்ல தெரிஞ்சுது. பந்து தராததுக்கே இப்படின்னா, இதுக்கு?

ரிப்போர்ட் பண்ணலாமே? பண்ணியிருக்கா. "எங்கள் விதிகளை மீறவில்லை"னு பதில் வந்திருக்கு. இதை முதல்ல சலிக்கிறது பெரும்பாலும் இயந்திரம்தான். தமிழ்க் கெட்ட வார்த்தையை ஆங்கில எழுத்துல, நடுவுல ஒரு புள்ளி வெச்சு எழுதினா கோட்டை விட்டுடும். "ரேட் என்ன?"னு ஒருத்தன் கேட்டா அதுக்கு அது வெறும் விலை விசாரிப்பு. நமக்குத் தெரியும் அது என்னனு.

அதனால இதைச் செய்யுங்க:

👉 அழிக்காதீங்க. ஐடி, தேதி, லிங்க் தெரியற மாதிரி ஸ்கிரீன்ஷாட். அதுக்கப்புறம் ரிப்போர்ட், பிளாக்.

👉 தள்ளுபடி பண்ணா விடாதீங்க. 2021 ஐடி விதிகள்படி அந்தத் தளத்துக்குக் குறைதீர் அலுவலர் இருக்கணும். அவர் முடிவும் சரியில்லைன்னா, 30 நாளுக்குள்ள மத்திய அரசின் மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம்.

👉 மிரட்டல், ஆபாசம்னா தேசிய சைபர் கிரைம் இணையதளத்துல புகார் கொடுங்க.

66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015-ல் ரத்து பண்ணிடுச்சு. அது சரிதான். யாரை வேணா உள்ளே தள்ளலாம்ங்கிற அளவுக்கு அதுல வார்த்தைகள் மொட்டையா இருந்துச்சு. அதுக்காக சட்டமே இல்லைனு நினைக்காதீங்க. பெண்ணை விடாம பின்தொடர்ந்தா பிஎன்எஸ் 78, மானத்தைக் குலைக்கிற மாதிரி பேசினா 79. ஆன்லைன்ல பண்ணினாலும் குற்றம்தான்.

"டான்ஸ் நல்லா இல்லை"னு சொல்றது விமர்சனம். அது இருக்கட்டும். நான் சொல்றது அதை இல்லை.

இதைப் படிக்கிற உங்களுக்கும் ஒரு வேலை இருக்கு. அப்படி ஒரு கமெண்ட் கண்ணுல பட்டா தள்ளிட்டுப் போகாதீங்க. இயந்திரத்துக்குப் புரியாத தமிழ் உங்களுக்குப் புரியும். நீங்க ரிப்போர்ட் பண்ணுங்க. தெரிஞ்சவங்கன்னா ஒரு போன் போடுங்க. மனசு ரொம்பக் கஷ்டமா இருக்கிறவங்க டெலி மானஸ் 14416-ஐக் கூப்பிடலாம். இலவசம், தமிழ்லயே பேசலாம்.

மறுவாரம் அந்தப் பொண்ணு வந்தப்போ முகம் தெளிஞ்சிருந்துச்சு. அப்பாதான் ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொண்ணா ஸ்கிரீன்ஷாட் எடுத்து ரிப்போர்ட் பண்ணாராம்.

"நான் பாத்துக்கறேன், நீ தூங்கு"ன்னாராம்.

அதுதாங்க வைத்தியம்.