வண்டி போனால் போதுமா... பெயரும் போக வேண்டாமா?

தாம்பரம், சேலையூர், சிட்லபாக்கம், குரோம்பேட்டை பக்கம் தெருவுக்கு ஒரு வீட்டிலாவது, தார்ப்பாய் போர்த்திய பழைய புல்லட் ஒன்று நிற்கும். வீட்டுக்காரர் தன் கையாலேயே பிரித்துக் கோத்த வண்டி. கார்புரேட்டருக்காகப் புதுப்பேட்டைக்கு நாலு நடை, ஹெட்லைட் வளையத்துக்காகப் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு ஆறு நடை என்று வருஷக்கணக்கில் ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்ற வண்டி.

இப்போது அவருக்கு முழங்கால் வலி. கிக்கரை உதைக்க முடியவில்லை. பிள்ளை வெளியூரில். “அது ஒண்ணு இடத்தை அடைச்சுக்கிட்டு நிக்குது” என்று வீட்டம்மா சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார். ஒருநாள் மனசைக் கல்லாக்கிக்கொண்டு நாலு போட்டோ எடுத்து விற்பனைக்குப் போடுகிறார். ஐந்தாவது நிமிஷம் போன் வரும். முதல் கேள்வியே, “லாஸ்ட் பிரைஸ் என்ன சார்?”

சுருக்கென்றுதான் இருக்கும். ஆனாலும் விற்பவர் யோசிக்க வேண்டிய விஷயம் விலை மட்டுமல்ல.

நம்ம ஊர் வண்டி

புல்லட் பிறந்தது இங்கிலாந்தில் என்றாலும் வளர்ந்தது சென்னையில். நம் ராணுவத்துக்கு எல்லையில் ரோந்து போக வண்டி தேவைப்பட்டபோது, 350 சி.சி. புல்லட் 800 வாங்க ஆர்டர் போனது. அதைத் தொடர்ந்து 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் கைகோத்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. பிறகு தாய் நிறுவனம் அங்கே இழுத்து மூடப்பட்டது. குழந்தை இங்கே ஓடிக்கொண்டே இருந்தது. இன்று ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும், அதாவது தாம்பரத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், புது புல்லட்டுகள் தயாராகின்றன.

அதனால் பழைய இரும்பு எஞ்சின் புல்லட்டுக்கு இந்தப் பக்கத்தில் மவுசு குறையவில்லை. மெக்கானிக்கும் கிடைப்பார், பாகமும் கிடைக்கும், வாங்க ஆளும் கிடைக்கும்.

உழைப்புக்கு ரசீது இல்லை

விற்பவர் முதலில் செய்யும் தப்பு, செலவழித்த பணத்தையெல்லாம் கூட்டி அதையே விலையாகச் சொல்வது. டேங்க்குக்குப் பூசிய பெயின்ட் உங்களுக்குப் பிடித்த நிறம். வாங்குபவருக்கு அது மறுபடி ஒரு பெயின்ட் செலவாக இருக்கலாம். ஆனால் போரிங் எப்போது போட்டது, பிஸ்டன் எந்த அளவு, கிளட்ச் பிளேட் எப்போது மாற்றியது என்று தேதியோடு ஒரு நோட்டும், ரசீதுகளும், பிரித்துப்போட்டபோது எடுத்த போட்டோக்களும் இருந்தால் பேரத்தில் அவை பேசும்.

விவரம் தெரிந்தவர் வந்ததும் எஞ்சினைத் தொட்டுப் பார்ப்பார். சூடாக இருந்தால் சந்தேகப்படுவார், ஏனென்றால் சூடான எஞ்சின் ஸ்டார்ட்டிங் கோளாறை மறைத்துவிடும். அவர் எதிரிலேயே ஆறிய எஞ்சினை உதைத்துக் காட்டுவதுதான் மரியாதை.

ஓட்டிப் பார்க்கக் கேட்டால் ஒரு நிமிஷம் நிறுத்துங்கள். பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். முதல் கியர் மேலே, மற்றவை கீழே. புது வண்டி ஓட்டிப் பழகியவர் பதற்றத்தில் வலது காலை அழுத்தினால் பிரேக் பிடிக்காது, கியர்தான் மாறும். ஜி.எஸ்.டி. சாலையில் இது விளையாட்டில்லை. சொல்லிக்கொடுத்து, வீட்டுத் தெருவிலேயே ஓட்டச் சொல்லுங்கள்.

‘விண்டேஜ்’ வேறு, ‘கஸ்டம்’ வேறு

விளம்பரத்தில் இரண்டு வார்த்தையையும் சேர்த்துப் போடுவார்கள். சட்டத்தின் கண்ணில் இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர். 2021 ஜூலையில் வந்த மத்திய அரசு விதிப்படி, முதல் பதிவு முடிந்து 50 ஆண்டுகளைத் தாண்டி, சட்டகம், எஞ்சினில் பெரிய மாற்றமில்லாமல் பழைய உருவிலேயே இருக்கும் வண்டிதான் விண்டேஜ். அதற்குப் புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். நம்பர் பிளேட்டில் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் வரும். அப்படிப் பதிவு செய்துவிட்டால் தினமும் ஆபீஸுக்கு ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல், பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டும்தான் ரோட்டில் எடுக்கலாம்.

சட்டகத்தை அறுத்து நீட்டிய வண்டியை விண்டேஜ் என்று சொல்லி விற்றால் வாங்குபவர் ஏமாறுவார். தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. சட்டவிரோதமான ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். ஆகவே கழற்றி வைத்த பழைய சைலன்ஸர், மட்கார்டு, ஹேண்டில்பார் எல்லாவற்றையும் மூட்டை கட்டி வண்டியோடு கொடுத்துவிடுங்கள். எஞ்சின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் ஆர்.சி.யோடு ஒத்துப்போகிறதா என்று போட்டோ எடுப்பதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

கையெழுத்து போட்ட வெற்றுப் படிவம்

இதுதான் முக்கியம். “பேர் மாத்துறதை நான் பார்த்துக்கறேன் சார், நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க” என்பார் வாங்குபவர். பணம் கைக்கு வந்த சந்தோஷத்தில் போட்டுக்கொடுத்துவிடுவோம். வண்டி போய்விடும். பெயர் போகாது.

2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கு. ஒருவர் 2007-ல் தன் காரை விற்றார். அது கை மாறி, மறுபடி கை மாறிப் போனது. 2009-ல் விபத்து, ஓர் உயிர் போனது. ஆர்.சி.யில் இருந்தது முதலில் விற்றவரின் பெயர்தான். இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்றது நீதிமன்றம். அடிபட்டவர் குடும்பம் ஒவ்வொரு உரிமையாளரையும் தேடி அலைய முடியாது என்பதுதான் அதன் நியாயம்.

விற்ற 14 நாளுக்குள் விற்றவர் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். 30 நாளுக்குள் வாங்கியவர் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். இதற்கான படிவங்கள் 29-ம் 30-ம். வண்டி வேறு மாநிலத்துக்குப் போனால் தடையின்மைச் சான்றும் வேண்டும்.

15 ஆண்டு முடிந்த வண்டிக்கு ஆர்.சி. புதுப்பித்திருக்க வேண்டும். பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை அதே வேலை. 20 ஆண்டைத் தாண்டிய இருசக்கர வாகனத்துக்குப் புதுப்பிக்கும் கட்டணத்தை 2025-ல் 2,000 ரூபாயாக உயர்த்தினார்கள். பசுமை வரி தனி. டி.என். 11 என்றெல்லாம் நம்பர் வருவதற்கு முந்தைய காலத்து வண்டி என்றால், அதன் விவரம் கம்ப்யூட்டரில் ஏறியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இதையெல்லாம் முடித்த பிறகு விளம்பரம் கொடுத்தால் அலைச்சல் மிச்சம், விலையும் கூடுதலாகக் கிடைக்கும்.

சாவி கொடுக்கும் அன்று, வாங்குபவரின் ஆதார் நகல், தேதியோடு நேரத்தையும் எழுதி இருவரும் கையெழுத்திட்ட ஒரு தாள், வண்டியோடு ஒரு போட்டோ, மூன்றும் கையில் இருக்கட்டும்.

அவர் உதைப்பார். ‘டப் டப்’ என்ற சத்தம் தெருமுனை திரும்பி மெல்ல மறையும். வீட்டம்மாவே வாசலுக்கு வந்து நிற்பார். அன்றைக்குக் கொஞ்சம் கலங்கலாம், தப்பில்லை. தார்ப்பாயை மட்டும் உடனே மடித்து உள்ளே வைக்காதீர்கள். பெயர் மாறிவிட்டது என்று ஆன்லைனில் உங்கள் கண்ணால் பார்க்கும்வரை அது அங்கேயே கிடக்கட்டும். வேலை இன்னும் முடியவில்லை என்று தினமும் ஞாபகப்படுத்தும்.