காவிரிப் பாலம்: உள்ளே இருக்கும் கம்பியையும் பாருங்கள்

திருச்சி சிந்தாமணியையும் ஸ்ரீரங்கம் மாம்பழச் சாலையையும் இணைக்கும் காவிரிப் பாலத்தில் வருடக்கணக்கில் வண்டி ஓட்டியவர்களுக்கு அதன் ஜாயிண்டுகள் மனப்பாடம். எங்கே வண்டி குதிக்கும், எங்கே பிரேக்கைத் தொட வேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். 1976-ல் திறக்கப்பட்ட அந்தப் பாலத்தை 2022 செப்டம்பரில் மூடி, ஏறத்தாழ 7 கோடி ரூபாய் செலவில் பேரிங்குகளையும் எக்ஸ்பான்ஷன் ஜாயிண்டுகளையும் மாற்றி, 2023 மார்ச்சில் திறந்தார்கள். சுற்றிப் போய் அலுத்த ஊர் பெருமூச்சு விட்டது. அத்தோடு வேலை முடிந்தது என்று நினைப்பதில்தான் நமக்கு உடன்பாடு இல்லை.

ஜாயிண்ட் பழுதென்றால் முதுகுவலி மட்டுமல்ல. மழைநீர் சாலையிலிருந்து கீழே இறங்கும் வழியும் அதுதான். நேராக உத்திரத்தின் முனையில் போய் விழும். பேராறுகளின் குறுக்கே கடந்த ஐம்பது அறுபது ஆண்டுகளில் கட்டிய நீண்ட கண் பாலங்களில் பெரும்பாலானவை முன்னழுத்த கான்கிரீட் உத்திரங்கள் மேல் நிற்பவை. அவற்றின் உள்ளே ஓடும் எஃகுக் கேபிளைப் பிடித்து நிறுத்தும் ஆங்கர்கள் பலவற்றில் அந்த முனையில்தான் இருக்கின்றன. நீர் சொட்டக் கூடாத இடத்தில்தான் சொட்டுகிறது.

சாதாரண கான்கிரீட்டில் கம்பி துருப்பிடித்தால் உப்பும், வெடிக்கும், காரை பெயர்ந்து விழும். வீட்டு மொட்டை மாடியில் பார்க்காதவர் யார்? முன்னழுத்தக் கேபிள் அப்படி எச்சரிப்பதில்லை. பழைய முறையில் 7 மி.மீ. கம்பிகள் பன்னிரண்டைச் சேர்த்து, உறைக்குழாய் வழியே செலுத்தி, ஜாக்கி வைத்து இழுப்பார்கள். பென்சில் பருமனுள்ள ஒரே கம்பி ஏறத்தாழ நான்கு டன் இழுவிசையில் காலமெல்லாம் விறைத்து நிற்கும். இழுத்த பிறகு குழாய்க்குள் சிமெண்ட் பால் ஏற்றி அடைக்க வேண்டும். இந்த கிரௌட்டிங்தான் கம்பிக்குக் கவசம். கலவையில் தண்ணீர் கூடிப்போனாலோ, காற்று வெளியேறாமல் நின்றாலோ, குழாயின் மேட்டுப் பகுதியில் வெற்றிடம் விழும். அங்கே ஈரம் புகுந்தால் அரிப்பு தொடங்கும். வெளியே ஒரு துருக் கறைகூடத் தெரியாமல், நீளாமல் நெளியாமல் கம்பி படக்கென்று அறும்.

வேல்ஸில் 1953-ல் கட்டிய ஒரு சிறு பாலம் 1985 டிசம்பரில், மேலே ஒரு வண்டியும் இல்லாதபோது, தன் எடையாலேயே விழுந்தது. அதன் பின்விளைவாக, 1992-ல் பிரிட்டன் இத்தகைய புதிய பாலங்களுக்கே தடை போட்டது. நம் நாட்டில், கோவாவின் மாண்டோவி பாலம் திறந்து இருபது ஆண்டு நிறைவதற்குள் 1986 ஜூலையில் இடிந்தது. கேபிள் அரிப்புதான் அதற்கும் காரணமாகச் சொல்லப்பட்டது.

அதெல்லாம் கடலோர உப்புக்காற்று, திருச்சிக்கு ஏது கடல் என்று கேட்பவர்கள் உண்டு. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகருக்கும் கடல் இல்லை, எல்பே ஆறுதான். 1971-ல் திறந்த அதன் கரோலா பாலத்தின் ஒரு பகுதி, 2024 செப்டம்பர் 11 அதிகாலையில், கடைசி டிராம் கடந்து சில நிமிடங்களில் ஆற்றில் விழுந்தது. ஆய்வில் தெரிந்தது என்ன? கட்டுமானக் காலத்திலேயே ஈரத்தால் கம்பியில் தொடங்கிய அரிப்பு விரிசல், அரை நூற்றாண்டு கழித்து வேலையைக் காட்டியிருக்கிறது.

காவிரியில் பழைய பாலத்தை ஒட்டி 106 கோடி ரூபாயில் புதிய பாலத்தை எழுப்பும் அரசு இதைத்தான் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். கேபிளை இழுத்த தேதிக்கும் கிரௌட் ஏற்றிய தேதிக்கும் இடையே எத்தனை நாள், நடுவில் மழை பெய்ததா, ஒவ்வொரு குழாயும் எவ்வளவு கலவை வாங்கியது என்ற குறிப்பேட்டை, திறப்பு விழாக் கல்வெட்டைப் பாதுகாப்பது போல் பாதுகாக்க வேண்டும். கல்வெட்டில் பெயர் போட நம்மவர்கள் மறப்பதே இல்லை.

கொள்ளிடத்தின் 1928-ம் ஆண்டு இரும்புப் பாலத்தின் முதுமை கண்ணுக்குத் தெரிந்தது. 2016-ல் புதிய பாலம் வந்ததும் அதில் போக்குவரத்தை நிறுத்தினார்கள். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் அதன் தூண்கள் சாய்ந்தபோது மேலே வண்டி ஓடவில்லை. கான்கிரீட்டுக்குள் ஒளிந்திருக்கும் எஃகு விஷயத்தில் அந்தப் பாக்கியம் கிடைக்குமென்று நம்பி, ஆடிப்பெருக்கன்று அம்மா மண்டபத்துக்கும் ஏகாதசிக்கு ரங்கநாதர் கோயிலுக்கும் போகும் கூட்டத்தைப் பாலத்தில் ஏற்ற முடியாது.

வழி இல்லாமல் இல்லை. ஆங்கர் அருகே சிறு துளையிட்டு, விரல் பருமன் கேமராவை உள்ளே விட்டால் வெற்றிடமும் துருவும் தெரிந்துவிடும். கேபிள் இருக்குமிடத்தை ரேடார் காட்டும். வலு குறைந்திருந்தால் வெளிப்புறக் கேபிள் கட்டித் தாங்கலாம். அரிப்பு ஆராய்ச்சிக்குப் பெயர்பெற்ற மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடியில் இருக்கிறது. தேசியத் தொழில்நுட்பக் கழகம் துவாக்குடியிலேயே இருக்கிறது. பேரிங் மாறியதை அறிந்த ஊர், காவிரி, கொள்ளிடம் பாலங்களின் உத்திரத்துக்குள் இருக்கும் எஃகின் நிலையையும் அறிய வேண்டும். நெடுஞ்சாலைத் துறை அந்த அறிக்கையைத் தமிழில், பாலம் பாலமாக வெளியிட வேண்டும்.

வழக்கப்படி மேட்டூர் பாசனத் திறப்பு ஜனவரி 28-ல் நிற்கும். ஜூன் 12 வரை காவிரியில் தண்ணீர் வற்றி மணல் தெரியும்; உத்திரங்களின் அடியில் சாரம் கட்ட அதைவிட வசதியான காலம் கிடையாது. வரும் கோடையிலேயே சோதனையை முடித்து, மேட்டூர் மதகு திறப்பதற்கு முன் அறிக்கையை மக்கள் முன் வைக்க வேண்டும்.