பூ போயிற்று, வலைப்பூ வந்தது!

இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகம் சின்னப் பிள்ளைகளுக்காக ஓர் அகராதி வெளியிடுகிறது. ஏழு வயதுப் பிள்ளைகள் புரட்டிப் பார்க்கும் அகராதி. 2007-ம் ஆண்டு அதன் புதிய பதிப்பு வந்தது. பழைய பதிப்பில் இருந்த பல சொற்களை அதில் காணவில்லை.

காணாமல் போனவை எவை? மரம், செடி, பூ, பறவை இவற்றின் பெயர்கள்! புதிதாக உள்ளே வந்தவை "பிராட்பேண்ட்", "வாய்ஸ் மெயில்", "பிளாக்" போன்ற சொற்கள்.

பிளாக் என்பது இணையத்தில் எழுதும் குறிப்பேடு. தமிழில் அதற்கு வலைப்பூ என்று பெயர். பூ போயிற்று, வலைப்பூ வந்தது!

இது சரிதானா? சரி அல்ல.

பூனைக்குட்டி

நீக்கப்பட்ட சொற்களில் ஒன்று "கேட்கின்". ஹேசல் என்ற மரத்தில் வால் போல் தொங்கும் பூங்கொத்துக்கு அது பெயர். பழைய டச்சு மொழியில் பூனைக்குட்டியைக் குறித்த சொல்லில் இருந்து அது வந்தது. யாரோ ஒருவர் மரத்தைப் பார்த்தார், பூனைக்குட்டி நினைவுக்கு வந்தது, பெயர் வைத்துவிட்டார்!

"கான்கர்" என்பது இன்னொரு சொல். ஹார்ஸ் செஸ்ட்நட் என்ற மரத்தின் பளபளப்பான கொட்டை அது. பிள்ளைகள் அதில் துளை போட்டுக் கயிற்றில் கோப்பார்கள். ஒருவன் கொட்டையைத் தொங்கவிட்டுப் பிடிப்பான். மற்றவன் தன் கொட்டையால் ஓங்கி அடிப்பான். உடைந்தால் தோல்வி. காலணா செலவு இல்லாத விளையாட்டு!

"ஏகார்ன்" என்பது ஓக் மரத்தின் கொட்டை. "கார்ன்" என்றால் தானியம். ஓக் மரத்தின் தானியம் என்று எண்ணிக்கொண்டு ஜனங்கள் அந்தச் சொல்லின் உருவத்தையே அப்படித் திருத்திவிட்டார்கள். உண்மையில் தானியத்துக்கும் அந்தச் சொல்லுக்கும் சம்பந்தம் இல்லை.

கிரிக்கெட் மட்டை "வில்லோ" மரத்தில் செய்வது. ஸ்டம்புகளுக்கு ஏற்றது "ஆஷ்" மரம். இந்த இரண்டு பெயர்களும் போய்விட்டன. மட்டை பிடிக்கும் பையனுக்குத் தன் கையில் இருப்பது என்ன மரம் என்று தெரிய வேண்டாமா?

தூக்க முடியுமா?

அச்சகத்தார் பதில் சொன்னார்கள். அகராதியில் சுமார் 10 ஆயிரம் சொற்களுக்குத்தான் இடம் உண்டு; பிள்ளைகள் அடிக்கடி பயன்படுத்தும் சொற்களுக்கே முதல் இடம்; மற்றவை பெரிய அகராதிகளில் இருக்கின்றன என்றார்கள்.

இடம் குறைவு என்பது நியாயமே. புதுச் சொற்கள் வேண்டும் என்பதும் நியாயமே. ஆனால், அகராதியை எதற்குப் புரட்டுகிறார்கள்? தெரியாத சொல்லுக்குப் பொருள் தேடித்தானே! பிராட்பேண்ட் என்ற சொல் வீட்டிலேயே காதில் விழுகிறது. ஓக் மரம் இல்லாத தெருவில் வளரும் பிள்ளைக்கு ஏகார்ன் என்ற சொல்லை யார் சொல்லுவார்கள்? புத்தகம்தான் சொல்ல வேண்டும்.

பெரிய அகராதியைப் பார்க்கலாமாம்! ஆக்ஸ்போர்டின் பெரிய அகராதி 1989-ம் ஆண்டுப் பதிப்பில் 20 தொகுதிகள். ஏழு வயதுக் குழந்தை அதைத் தூக்க முடியுமா?

28 பேர் கடிதம்

2015-ம் ஆண்டு 28 எழுத்தாளர்கள் சேர்ந்து அச்சகத்துக்குக் கடிதம் எழுதினார்கள். கனடா நாட்டு நாவலாசிரியை மார்கரெட் அட்வுட் அவர்களில் ஒருவர். நீக்கிய சொற்களில் சிலவற்றையாவது திரும்பச் சேர்க்கும்படி கேட்டார்கள்.

அவர்களில் இன்னொருவர் ராபர்ட் மக்பர்லேன். அவர் எழுத, ஜாக்கி மோரிஸ் என்ற பெண்மணி படம் வரைய, 2017-ல் "காணாமல் போன சொற்கள்" என்ற பொருள்படும் பெயரில் ஒரு பெரிய படப் புத்தகம் வந்தது. அதில் 20 சொற்கள். ஸ்காட்லாந்தில் பொதுமக்கள் பணம் திரட்டி, ஆரம்பப் பள்ளிகளுக்கு அதை வாங்கிக் கொடுத்தார்கள்.

அந்தப் புத்தகத்தின் முதல் சொல், ஏகார்ன்.