ஆறு மாதம் கழித்து வரச் சொன்னால்

"கட்டி சாதாரணமாகத்தான் தெரிகிறது; ஆறு மாதம் கழித்து மீண்டும் ஸ்கேன் எடுத்துப் பார்ப்போம்." மார்பக நோய்ப் பிரிவில் மருத்துவர்கள் அன்றாடம் கூறும் இச்சொற்களில் முற்பகுதி மட்டுமே பலருடைய செவியில் விழுகிறது. பிற்பகுதி வீடு போய்ச் சேர்வதற்குள் மறந்துபோகிறது. இதற்கு நோயாளியை மட்டும் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. 'சாதாரணம்' என்று கூறிவிட்டுப் பிறகு ஏன் வரச் சொல்கிறோம் என்பதை நாங்கள் விளக்குவது அரிது.

ஸ்கேன் அறிக்கையில் 'பைராட்ஸ் 3' என்ற குறிப்பைச் சிலர் கண்டிருப்பீர்கள். கட்டி பெரும்பாலும் தீங்கற்றது. புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பு 2 விழுக்காட்டுக்கு மேல் இல்லை என்பதே அதன் பொருள். இத்தகையோர் அனைவரையும் அறுவைக்கு உட்படுத்துவது முறையன்று. எனவேதான் பொதுவாக 6, 12, 24ஆம் மாதங்களில் மறுபரிசோதனை என்ற ஏற்பாடு. நூறு பேரில் அந்த ஒருவரோ இருவரோ யார் என்பதை முதல் படத்தை மட்டும் வைத்துச் சொல்ல இயலாது. புற்றுக்கட்டிகளுள் சில, குறிப்பாக டிரிபிள் நெகட்டிவ் வகையைச் சேர்ந்த சில, வழவழப்பான விளிம்புடன் ஃபைப்ரோஅடினோமா போலவே தோற்றமளிப்பதுண்டு. கட்டி வளர்ந்துள்ளதா, விளிம்பு மாறியுள்ளதா என்று பழைய படத்தோடு ஒப்பிடும்போதுதான் ஐயம் எழும். உடனே ஊசி வழியே திசு எடுத்து உறுதி செய்யலாம். பழைய ஸ்கேன் படங்களைத் தொலைத்துவிட்டு வருவோரைக் காணும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டாகிறது.

வராமைக்குக் கூறப்படும் காரணங்கள் பல. வலி இல்லையே என்பது முதலாவது. புற்றுக்கட்டி பெரும்பாலும் தொடக்கத்தில் வலிப்பதில்லை. ஊசி குத்தினால் கட்டி புற்றாக மாறிவிடும் என்பது மற்றொன்று, அவ்வாறு மாறுவதில்லை. மகளுக்கு வரன் பார்க்கும் வேளையில் செய்தி வெளியே தெரிந்துவிடுமோ என்ற தாயின் கவலையை மட்டும் என்னால் எளிதில் ஒதுக்க முடிவதில்லை. அவர் தனியே வந்து பேசட்டும். நோயாளியின் விவரம் பிறருக்குச் செல்லாது.

என் கருத்தில், மறுபரிசோதனைத் தேதியை மருந்துச் சீட்டிலேயே பெரிய எழுத்தில் எழுதித் தருவதும், வராதவரைத் தொலைபேசியில் அழைப்பதும் மருத்துவமனையின் கடமை. எழுதித் தரவில்லையெனில் நீங்கள் கேட்டு வாங்குங்கள். வீட்டார் ஒருவர் அத்தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளட்டும்.

கட்டி பெரிதாவதாகத் தோன்றினாலோ, தோல் குழிந்தாலோ, காம்பில் இரத்தம் கசிந்தாலோ, அக்குளில் நெறி கட்டினாலோ அத்தேதி வரை காத்திருக்க வேண்டாம். அந்த வாரமே வாருங்கள்.