விடிவெள்ளியைப் படம் பிடிக்கலாம், வாருங்கள்!

மந்தைவெளிச் சகோதரி ஒருவருக்கு ஒரு சந்தேகம். ஸ்காட்லாந்தில் படிக்கும் அவருடைய பெண், ஜூன் மாத நடுநிசியில் எடுத்த படம் ஒன்றை அனுப்பியிருக்கிறாள். அடிவானத்தில் வெள்ளி ஜரிகையை உதறிப் போட்டாற்போல நீல மேகங்கள்! "நம் மொட்டை மாடியிலிருந்து இவை தெரியுமா? நானும் ஒரு படம் எடுத்து அவளுக்கு அனுப்ப வேண்டும்" என்கிறார்.

தெரியாது, அம்மா. நம் இடிமேகங்கள் பதினைந்து கிலோமீட்டர் சுமாருக்கு எழும்பினாலே பெரிய காரியம். இவையோ 80 கிலோமீட்டருக்கும் மேலே மிதக்கும் பனித் துகள்கள். நமக்குச் சூரியன் மறைந்த பிறகும் அந்த உயரத்தில் வெயில் அடிக்கிறது, அதனால்தான் ஒளிர்கின்றன. வட துருவத்துக்குப் பக்கத்து நாடுகளில், கோடைக்காலத்தில்தான் அந்தப் பாக்கியம்.

ஆனால் மனிதன் செய்த ஒளி மேகத்தை நம் பக்கத்தவர்கள் பார்த்திருக்கிறார்கள். 1963 நவம்பர் 21 மாலை, திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவிலிருந்து கிளம்பிய ராக்கெட் சோடியம் ஆவியை உமிழ்ந்தது. கீழே இருட்டு, மேலே ஆரஞ்சு நிறத்தில் ஒரு மேகம்! அது நகர்வதைப் படமெடுத்து, அந்த உயரத்துக் காற்றின் வேகத்தைக் கணக்கிட்டார்கள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து விடியுமுன் ராக்கெட் கிளம்பும் நாட்களில் (2022 பிப்ரவரி 14 அன்று காலை 5.59க்கு ஒன்று கிளம்பியது) சென்னைவாசிகள் வடக்கே ஒரு கண் வைத்திருக்கலாம்.

அதுவரை, பிறையும் விடிவெள்ளியும் இருக்கவே இருக்கின்றன. பஞ்சாங்கத்தை எடுங்கள். தேய்பிறைத் துவாதசி, திரயோதசி நாட்களில், சூரியோதயத்துக்கு முக்கால் மணி முன்பு கிழக்கே பாருங்கள். வெள்ளி எப்போதும் விடியலில் வராது. சில மாதங்கள் மாலைக்குக் குடிபோய்விடும். கபாலீசுவரர் கோயில் தெப்பக்குளத்தின் மேற்குக் கரையில் நின்றால் குளம், கோபுரம், அதற்கு மேல் பிறை! அடையாறுக்காரர்களுக்கு எலியட்ஸ் கடற்கரையில் ஷ்மிட் நினைவு மண்டபம் இருக்கிறது.

செல்போன் போதும். கையில் பிடித்தால் நடுங்கும். கைப்பிடிச் சுவரில் சாத்தி, மூன்று விநாடி கழித்துத் தானே எடுக்கும்படி வையுங்கள். திரையில் பிறையைத் தொட்டு, வெளிச்சத்தைக் குறையுங்கள். இல்லாவிட்டால் பிறை, தோசை மாவுச் சொட்டு மாதிரி வழிந்துவிடும்! பிறகு வெளிச்சத்தைக் கூட்டி இன்னொரு படம். பிறையின் இருண்ட பாகமும் மங்கலாகத் தெரிகிறதே, அது நம் பூமியில் பட்ட வெயில் திரும்பிப் போய் அங்கே விழுந்தது. எனக்கு இந்த இரண்டாவது படம்தான் உசத்தி.

பெண்ணையும் அதே விடியலில் எடுக்கச் சொல்லுங்கள். அங்கே பொழுது விடிவதற்குள் சந்திரன் மணிக்குத் தன் அகலம் வீதம் நகர்ந்துவிடும். இரண்டு படங்களிலும் வெள்ளிக்கும் பிறைக்கும் உள்ள இடைவெளி மாறியிருக்கும்.

அமாவாசைக்கு முதல் நாள் மட்டும் முயல வேண்டாம். பிறை மிகவும் மெலிந்து, கடலோர மூட்டத்தில் கரைந்துபோகும்.