நம்ம ஊர் தொடக்கப் பள்ளி நல்ல பள்ளியா? போட்டோவைப் பார்த்துச் சொல்லாதீங்க!



பள்ளிக்கூடம் திறந்து ஒரு மாசம் ஓடிடுச்சு. ராசிபுரம், ஆத்தூர், சங்ககிரி, திருச்செங்கோடு, எந்தப் பக்கம் போனாலும் காலையில் ஊர் முக்குல மஞ்சள் வேன் நிற்குது. மூணரை வயசுக் குழந்தை டை கட்டிக்கிட்டு ஏறுது. அந்த வேன் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி வாசலைத் தாண்டித்தான் போகுது. ஏத்தி விட்டுட்டுத் திரும்புற அப்பாவோட பைக்ல நம்ம கருப்பு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு. (கோபப்படாதீங்க, நடக்குறதைத்தான் சொல்றேன்.)

ஏனுங்க நம்ம ஊர்ப் பள்ளியில சேர்க்கலைன்னு கேட்டா, "அங்க படிப்பு சரியில்லைங்க"ன்னு பதில் வரும். உள்ளே போய்ப் பார்த்தீங்களான்னு கேட்டா, "இல்லைங்க, எல்லாரும் சொல்றாங்க". இந்தப் பக்கம் நாம. அரசுப் பள்ளி பெருமையின் அடையாளம்னு போஸ்டர் டிசைன் பண்றோம், ஷேர் பண்றோம், சண்டை போடுறோம். நாமளாவது உள்ளே போய்ப் பார்த்தோமா? பார்க்காம திட்டுறதுக்கும் பார்க்காம புகழுறதுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

பள்ளியின் தரத்தை அளக்க நம்ம மாவட்டங்களுக்கு ஒரு அளவுகோல் ரொம்ப நாளா பழகிப்போச்சு. அது பிளஸ் டூ மார்க். மாநிலத்துல முதல் இடம் எந்தப் பள்ளின்னு கேட்டா நாமக்கல்னு சொன்ன காலம் உண்டு. ஹாஸ்டல்ல போட்டு, ஒன்பதாவதுலயே பத்தாவது பாடம், பதினொண்ணுலயே பன்னிரண்டாவது பாடம் நடத்தி மார்க் எடுக்க வச்சாங்க. "பிராய்லர் பள்ளி"ன்னு பேர் வச்சதும் நம்ம மக்கள்தான், கோழிப்பண்ணை ஊர்க்காரங்களுக்கு அந்தப் பேர் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 2017-இல் மாநில ரேங்க் அறிவிக்கிறதையே நிறுத்தியாச்சு. ஆனா பழக்கம் போகலை. அந்த ரேங்க் கண்ணாடியை மாட்டிக்கிட்டே ஆறு வயசுக் குழந்தையோட பள்ளியையும் பார்க்கிறோம். அங்கே மார்க் இல்லை, ரேங்க் இல்லை. உடனே டையும் ஷூவும் இங்கிலீஷ் ரைம்ஸும் மார்க் ஆகிடுது.

தொடக்கப் பள்ளியில பொதுத்தேர்வு இல்லைங்கிறது நம்ம கொள்கை. 2024 டிசம்பர்ல ஒன்றிய அரசு விதியைத் திருத்தி, 5-ஆம் வகுப்பிலும் 8-ஆம் வகுப்பிலும் குழந்தையை ஃபெயில் ஆக்கலாம்னு கொண்டு வந்தப்போ தமிழ்நாடு ஏத்துக்கலை. 1953-இல் ராஜாஜி கொண்டு வந்த அரை நாள் பள்ளித் திட்டம், நாம குலக்கல்வின்னு சொல்றது, அதையும் இதே மண் ஏத்துக்கலை. ராஜாஜி பழைய சேலம் மாவட்டத்துக்காரர், சேலம் நகராட்சித் தலைவராவும் இருந்தவர். பெரியார் 1944-இல் நீதிக்கட்சியைத் திராவிடர் கழகமா மாத்துனதும் சேலத்துலதான். குழந்தையைப் பள்ளிக்கு வெளியே தள்ளுற எந்த ஏற்பாடும் வேண்டாம்னு சொல்ற வரலாறு நமக்கு இருக்கு.

ஆனா அந்த நிலைப்பாட்டுக்குள்ளேயே நமக்கு ஒரு வேலையும் இருக்கு. குழந்தைக்குப் பரீட்சை வேண்டாம்னு சொல்றவன், பள்ளிக்குப் பரீட்சை வைக்கணும். அதைச் செய்யலைன்னா "பரீட்சை இல்லாததாலதான் படிப்பு போச்சு"ன்னு சொல்றவனுக்கு நாமே மைக் கொடுக்கிறோம்.

என்ன பரீட்சை? ரொம்ப சிம்பிள். மூணாம் வகுப்புல படிக்கிற குழந்தை, இதுவரை பார்க்காத ஒரு பக்கத்தைத் தமிழ்ல தானா வாசிக்குதா?

பாடப்புத்தகம் வேண்டாம். பாடம் மனப்பாடமா வரும், விரல் ஒரு வரியில இருக்கும், வாய் அடுத்த வரியில இருக்கும். சிறுவர் கதைப் புத்தகத்துல ஒரு பக்கம் எடுங்க, நடுவுல ஒரு வார்த்தையைத் தொட்டுக் காட்டிக் கேளுங்க. ரேஷன் கடை போர்டு கூடப் போதும். கணக்குக்கு, ஒரு முட்டை ஆறு ரூபாய்னு வைங்க, நாலு முட்டைக்கு அம்பது ரூபாய் கொடுத்தா மீதி எவ்வளவு? நாமக்கல் குழந்தைக்கு இதைவிட நல்ல கணக்கு கிடையாது.

இதுல முக்கியமான விஷயம், முன் வரிசைக் குழந்தையைக் கேட்காதீங்க. எந்தப் பள்ளிக்குப் போனாலும் கணீர்னு ஒப்பிக்கிற ஒரு பொண்ணு இருப்பா, அவளைத்தான் நம்ம முன்னாடி நிறுத்துவாங்க. அவளுக்கு வீட்டுலயும் சொல்லித்தர ஆள் இருக்கும். கடைசியா உட்கார்ந்திருக்கிற பையன், அப்பா லாரில போயிருக்காரு, அம்மா தறிக்குப் போறாங்க. இல்லேன்னா ஒடிசாவுல இருந்து கோழிப்பண்ணை வேலைக்கு வந்த குடும்பத்துப் பிள்ளை, வீட்டுல தமிழே கிடையாது. அவன் நாலு வரி வாசிச்சா அது நல்ல பள்ளி. கட்டடம் ஓட்டுக் கட்டடமா இருந்தாலும் சரி.

இன்ஜினியரிங் படிச்சவங்களுக்குப் புரியிற மாதிரி சொல்றேன். சங்கிலியோட பலத்தைப் பெரிய கண்ணியில டெஸ்ட் பண்ண மாட்டோம் இல்லையா.

இப்ப கொஞ்சம் கசப்பான விஷயம். கிராமப்புறக் குழந்தைகளை வீட்டுக்கே போய் வாசிக்கச் சொல்லிப் பார்க்கிற அசர் ஆய்வு, 2022-இல் தமிழ்நாட்டைப் பத்தி என்ன சொல்லுச்சு தெரியுமா? மூணாம் வகுப்புல இருக்கிறவங்கள்ல இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிஞ்சவங்க 5 சதவீதத்துக்கும் கீழே. காரணமும் நமக்குத் தெரியும். 2020 மார்ச்ல மூடின தொடக்கப் பள்ளி 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் திறந்துச்சு. அந்தக் குழந்தைகள் ஒண்ணாம் வகுப்பைக் கண்ணாலேயே பார்க்கலை. அதனாலதான் 2021 அக்டோபர்ல இல்லம் தேடிக் கல்வி வந்தது, 2022 ஜூன்ல எண்ணும் எழுத்தும் வந்தது. அரும்பு, மொட்டு, மலர்னு குழந்தையை அது இருக்கிற நிலையில இருந்து தூக்கி விடுற முறை. 2024-இல் அதே ஆய்வுல அந்த எண்ணிக்கை இரட்டிப்புக்கும் மேலே ஏறியிருக்கு.

நம்ம பக்கங்கள்ல அந்த "இரட்டிப்பு" மட்டும் ஓடுச்சு. ஓடட்டும், அது உண்மை. அதுக்குப் பின்னாடி ஆசிரியர்களோட உழைப்பு இருக்கு. ஆனா இரட்டிப்புக்கு அப்புறமும் பெரும்பாலான மூணாம் வகுப்புக் குழந்தைகளால இன்னும் வாசிக்க முடியலைங்கிறதும் உண்மை. ஆய்வு முறையில குறை இருக்குன்னு வாதாடலாம். அதைவிட நல்ல வாதம் ஒண்ணு இருக்கு: உங்க ஊர்ப் பள்ளியில எத்தனை குழந்தை வாசிக்குதுன்னு உங்க கையில ஒரு கணக்கு. அது இருந்தா யார் முன்னாடியும் நிற்கலாம்.

அடுத்து ஆசிரியர். கல்வி உரிமைச் சட்டப்படி 60 குழந்தைகள் வரைக்கும் இரண்டு ஆசிரியர், 61-இல் இருந்து 90 வரை மூணு. அப்படின்னா முப்பது பிள்ளை இருக்கிற பள்ளியில அஞ்சு வகுப்புக்கு ரெண்டே பேர், அதுல ஒருத்தர் தலைமை ஆசிரியர். ஒருத்தர் பயிற்சிக்குப் போனா மீதி ஒருத்தர். பி.எல்.ஓ. வேலை வந்தாலும் அதேதான், நம்ம பூத் ஏஜெண்டுகளுக்கு இது நல்லாவே தெரியும், வாக்காளர் பட்டியலோட வர்றது பல ஊர்ல அந்த டீச்சர்தான். இதுக்கு மேல எமிஸ் என்ட்ரி. நம்மள மாதிரி ஆட்கள் டேஷ்போர்டு அழகா இருக்குன்னு ரசிக்கிற ஒவ்வொரு கட்டத்துக்கும் பின்னாடி, ஒரு டீச்சர் வகுப்புல போனை நோண்டிக்கிட்டிருந்த பத்து நிமிஷம் இருக்கு.

அதனால பள்ளிக்குப் போனா, பாடம் நடக்கிற வகுப்பைப் பார்க்காதீங்க. ஒரு வகுப்புக்குப் பாடம் நடக்கும்போது பக்கத்துல இருக்கிற மத்த வகுப்புப் பிள்ளைங்க என்ன பண்றாங்கன்னு பாருங்க. அவங்க கையில புத்தகமோ அட்டையோ இருந்து ஏதாவது செஞ்சுக்கிட்டிருந்தா, அந்த டீச்சர் கையெடுத்துக் கும்பிட வேண்டியவர். சும்மா கைகட்டி உட்கார்ந்திருந்தா, திட்டுறதுக்கு முன்னாடி எத்தனை ஆசிரியர் பணியிடம் காலின்னு கேளுங்க. ஒவ்வொரு பள்ளிக்கும் 11 இலக்க யு-டைஸ் எண் இருக்கு. அதை வச்சு மாணவர் எண்ணிக்கை, ஆசிரியர் எண்ணிக்கை, கழிப்பறை எல்லாம் ஆன்லைன்லயே பார்க்கலாம். ஆனா கழிப்பறை "உள்ளது"ன்னு அதுல இருக்கும், பூட்டு தொங்குதான்னு இருக்காது. அதுக்கு நேர்லதான் போகணும்.

காலை உணவு. இதுல நமக்கு இருக்கிற பெருமை நியாயமானது. 1920-இல் நீதிக்கட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில ஆரம்பிச்ச பாதை அது. 2022 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள்ல மதுரையில தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25-ல எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் போச்சு, 2024 ஜூலை 15, காமராஜர் பிறந்தநாள்ல கிராமப்புற அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் வந்தது. மாநிலத் திட்டக் குழு பார்த்த 1,543 பள்ளிகள்ல 1,319-இல் வருகை கூடியிருந்துச்சு. பசி தீர்ந்தா குழந்தை வகுப்புக்கு வரும். வந்த குழந்தை வாசிக்குதாங்கிறது வேற கேள்வி. முதல் கேள்விக்கான பதிலை எடுத்து ரெண்டாவது கேள்விக்கு ஒட்டக் கூடாது, நாம அடிக்கடி ஒட்டுறோம். பேராசிரியர் அன்பழகன் திட்டத்துல வந்த புதுக் கட்டடம், ஸ்மார்ட் போர்டு, டீச்சர் கையில டேப்லெட், எல்லாத்துக்கும் இதே விதிதான்.

பணம் யார் கையில மாட்டுச்சுன்னும் சேர்த்துப் பார்க்கணும். பி.எம்.ஸ்ரீ ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடலைன்னு சமக்ர சிக்ஷா நிதி 2,152 கோடி ரூபாயை 2024-25-இல் ஒன்றிய அரசு நிறுத்தி வச்சது. 2025 மே மாசம் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்துக்கே போயிடுச்சு. மூணாம் வகுப்புப் பையன் வாசிக்கலைன்னு நம்மளக் கேள்வி கேட்கிறவங்க, அவனுக்கான பணத்தை எதுக்கு பிணையா வச்சீங்கன்னு டெல்லியையும் கேட்கட்டும்.

இன்னொரு விஷயம், யாரும் பேசுறதில்லை. 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன், எல்லாத்துக்கும் ஆறாம் வகுப்புல இருந்துதான் கணக்கு. அதனால அஞ்சாவது வரைக்கும் வேன், ஆறாவதுல அரசுப் பள்ளின்னு பிளான் போடுற வீடுகள் இருக்கு. தப்புன்னு சொல்ல முடியாது, அவங்க பிள்ளை. ஆனா தொடக்கப் பள்ளிக்குன்னு அந்த மாதிரி இழுக்கிற சக்தி எதுவும் கிடையாது. குழந்தை நல்லா வாசிக்குதுங்கிற ஒண்ணுதான் அதுக்கு விளம்பரம்.

சரி, எப்படிப் போறது? துண்டு, கொடி, கேமரா எதுவும் வேண்டாம். குழந்தைகளைப் போட்டோ எடுத்துப் போடவே போடாதீங்க. கட்சிக்காரனா போனா தலைமை ஆசிரியர் பயந்து முன் வரிசைப் பொண்ணைத்தான் கூப்பிடுவாங்க. பள்ளி மேலாண்மைக் குழு வழியாப் போங்க. சட்டப்படி அதுல நாலுல மூணு பங்கு பெற்றோர்தான், பாதிப் பேர் பெண்கள். உங்க அக்காவோ அண்ணியோ அதுல இருக்கலாம், கூட்டத்துக்குக் கூப்பிட்டாங்களா, கையெழுத்து மட்டும் வாங்கினாங்களான்னு கேட்டுப் பாருங்க. உங்க தெருவுல மூணாவது படிக்கிற பிள்ளைகளை ஞாயித்துக்கிழமை திண்ணையில உட்கார வச்சு வாசிக்கச் சொல்லுங்க. வேன்ல போற பிள்ளைக்கும் அதே பக்கத்தைக் கொடுங்க. வர்ற ரிசல்ட் அந்த அப்பாவுக்கும் ஆச்சரியமா இருக்கலாம், நமக்கும் இருக்கலாம்.

ஆகஸ்ட் 15 கிராம சபைக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கு. காலிப் பணியிடம், பூட்டின கழிப்பறை, வாசிக்க முடியாத பிள்ளைகளோட எண்ணிக்கை, மூணையும் ஒரே தாள்ல எழுதி, பெற்றோர் கையெழுத்தோட தீர்மானமா வைங்க. பிள்ளைகள் பேர் வேண்டாம், எண்ணிக்கை போதும். ஒரு நகலை ஒன்றியச் செயலாளர்கிட்டயும் கொடுங்க. அடுத்த தடவை போஸ்டருக்கு மேட்டர் கேட்டு அவர் போன் பண்ணும்போது கையில இருக்கும்.