கோணமலையைப் பாடிய இருவர்

திருகோணமலைக் கோணேசரைப் பாடிய சம்பந்தரின் இசை தூயது, அதே தலத்து முருகனைப் பாடிய அருணகிரிநாதரின் இசை திருந்தியவரின் புலம்பல் என்கிற ஒப்பீடு, வாழ்க்கையை வைத்துப் பாட்டை எடைபோடுகிறது. அந்த வாழ்க்கைகளுக்கே சான்று குறைவு. 7ஆம் நூற்றாண்டுச் சம்பந்தரின் வரலாற்றை விரித்துச் சொல்லும் பெரியபுராணம் 12ஆம் நூற்றாண்டு நூல். அருணகிரியார் தம் பழைய வாழ்வை வெறுத்துக் கோபுரத்திலிருந்து குதித்ததோ செவிவழிக் கதை.

ஒப்பிட வேண்டியது இசையை. அலை முத்துக் கொழிக்கும் கரையைக் காட்டும் சம்பந்தர் பதிகத்தின் பண் புறநீர்மை. ஓதுவார்கள் அதைப் பூபாள ராகத்தில் பாடுவர். அருணகிரியார் பாடிய 15ஆம் நூற்றாண்டுத் திருப்புகழின் பழைய மெட்டுகள் கிடைக்கவில்லை. எஞ்சியது சந்தம்: குறிலும் நெடிலும் ஒற்றும் இடம் மாறாமல் அடிதோறும் திரும்பும் கணக்கு. அந்தக் கணக்கைப் புலம்பிக்கொண்டே போட்டுவிட முடியாது. ஒழுக்கச் சான்றிதழ் பார்த்து இசையைத் தரம் பிரிப்பது விமர்சனமே அல்ல.